ஒன்பது பத்துக்கு ஐந்து கேள்விகள்

சிரில் தினமும் காலை ஒன்பது பத்துக்கு எனக்கு ஐந்து கேள்விகள் அனுப்புவார். எங்கள் நிச்சயம் முடிந்த மறுவாரம் தொடங்கியது இது. எல்லாம் ஒரே வகை. ஆண், பெண் ஜோடிச் சொற்கள். ஆண் குதிரை ஸ்டாலியன், பெண் குதிரை மேர். அப்படியென்றால் ஆண் மான் ஸ்டாக்குக்கு ஜோடி எது? கீழே நான்கு விடைகள் இருக்கும். ஒன்றைக் குறிக்க வேண்டும்.

அரசு எழுத்தர் தேர்வில் இந்த வகைக் கேள்விகளில்தான் எனக்கு மதிப்பெண் போகும். நான் விலங்கியல் படித்தவள். ஆண் தேனீக்கு எத்தனை குரோமோசோம், ராணித் தேனீக்கு எத்தனை என்று கேட்டால் சொல்வேன். பெண் நரிக்கு ஆங்கிலத்தில் விக்ஸன் என்று தனிப்பெயர் இருப்பது பட்டம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ஏர்ல் என்ற பிரபுவின் மனைவி கவுண்டஸ் என்பதை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பா இந்த மராத்தி நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். தாபோடியில் எங்கள் வீட்டு வரிசையில் பிரபுக்கள் யாரும் குடியிருக்கவில்லை.

சிரிலின் வீடும் தாபோடியில்தான், எங்கள் தேவாலயப் பங்கில்தான். ஹிஞ்சவடியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று வாகடில் நண்பர்களோடு அறை எடுத்திருந்தார். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வந்து பெற்றோருடன் சாப்பிட்டுவிட்டுப் போவார். மே மாதம் நிச்சயம். ஆகஸ்ட் முதல் வாரம் கல்யாணம். அதற்கு முன் ஜூலையில் மூன்று ஞாயிறு எங்கள் ஓலை.

ஓலை என்றால் பூசை முடியும்போது ஃபாதர் எங்கள் இருவர் பெயரையும், பெற்றோர் பெயரையும் வாசிப்பார். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பார். எனக்குத் தெரிந்து யாரும் எதுவும் தெரிவித்ததில்லை. மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி.

கேள்விகளைத் தானே எழுதுவதாக சிரில் சொல்லியிருந்தார். நம்பினேன். எனக்காக ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்று நினைக்க நன்றாக இருந்தது.

ஜூன் கடைசியில் ஒருநாள் ஃபோனில் அவரிடம், "இன்னிக்கு ரெண்டாவது கேள்வி தப்பு" என்றேன்.

"என்ன தப்பு?"

"ட்ரோனுக்கு ஜோடி பீ-ன்னு விடை போட்டிருக்கு. ஆண் தேனீ ட்ரோனும் பீ தானே? ராணின்னு போட்டிருந்தா சரி. வேலைக்காரத் தேனீயும் பெண்தான்."

"அரே, நீ சயின்ஸ் பாக்காத ரெனி. கேள்வி எழுதுனவங்க என்ன நெனச்சாங்கன்னு மட்டும் பாரு."

"எழுதினது நீங்கதானே?"

ஒரு நொடி சத்தமில்லை.

"ஆமா. நான்தான். மத்லப், அதாவது பொதுவா சொன்னேன்."

அந்த ஒரு நொடியை நான் மறந்திருக்கலாம். மறக்கவில்லை. அன்று மாலை என் நோட்டை எடுத்து, அதுவரை வந்த எல்லாக் கேள்விகளையும் கட்டம் போட்டு எழுதினேன். ஆய்வகத்தில் ஈக்களைப் பிரித்து எண்ணிப் பழகிய கை. ஆண் ஈ ஒரு பக்கம், பெண் ஈ ஒரு பக்கம். இங்கேயும் அதே போல எந்தச் சொல் முதலில், எந்தச் சொல் பிறகு என்று பிரித்தேன்.

முதல் நான்கு கேள்விகளில் ஆண் முதலில், பெண் பிறகு. ஐந்தாவதில் மட்டும் பெண் முதலில். விக்ஸனுக்கு ஃபாக்ஸ் என்றால் கவுண்டஸுக்கு எது? நான்கு முறை பெண்பெயரைத் தேடிப் பழகிய கண், ஐந்தாவதிலும் பெண்பெயரில் போய் விழும். அதற்காகவே விடைகளில் டச்சஸ் என்று ஒன்று வைக்கப்பட்டிருக்கும். ஒருநாள் கூட இது மாறவில்லை. முப்பத்தொரு நாள், முப்பத்தொரு ஐந்தாவது கேள்வி, எல்லாம் தலைகீழ்.

சிரில் இப்படி ஒழுங்காக எதையும் செய்கிறவர் இல்லை. நிச்சயத்துக்கே ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், ஒரு காலில் நீல சாக்ஸ் போட்டு வந்தார். இந்தக் கேள்விகளை எழுதுகிறவர் பல வருடம் எழுதிப் பழகியவர். படிக்கிறவர்கள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்து, அங்கே எண்ணெய் ஊற்றுகிறவர்.

அப்புறம் மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன. தினமும் ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை ஆபீஸில் மீட்டிங், ஃபோனைத் தொட முடியாது என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். ஆனால் கேள்வி வருவது ஒன்பது பத்துக்கு. பக்தர்கள் நடந்து போகும் பால்கி என்ற பல்லக்கு ஊர்வலம் எங்கள் ஊர் வழியே போன நாளில் கேள்வி வரவில்லை. அன்று ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்றார். பால்கிக்காக அடைத்தது நகரத்துச் சாலைகளை. ஹிஞ்சவடி அன்றும் திறந்துதான் இருந்தது; பிறகு அன்று மட்டும் கேள்வி ஏன் நிற்க வேண்டும்?

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நான் படிப்பது எங்கள் தெருமுனை அப்யாசிகாவில். மாதச் சந்தா கட்டினால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. பேசக் கூடாது. ஊரில் பரீட்சை எழுதுகிற பாதிப் பேர் இந்த மாதிரிப் படிப்பறைகளில்தான் கிடக்கிறார்கள். எனக்குப் பக்கத்து மேசை அலினா. பள்ளியிலிருந்தே தோழி. வீட்டில் தமிழ் என்று பெயர், வாயைத் திறந்தால் பாதி ஹிந்தி. அவள் சதாசிவ் பேட்டில் ஒரு வகுப்பில் மாலை பேட்ச்சில் சேர்ந்திருந்தாள்.

செவ்வாய் காலை இருவரும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம்.

"அரே, நேத்து கிளாஸ்ல எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க," என்றாள் அலினா. "கேளு. நன்னுக்கு மாங்க்னா..."

நன் என்றால் கன்னிகாஸ்திரி, மாங்க் என்றால் துறவி. அவள் முடிக்கும் முன்னே சொன்னேன். "மேருக்கு ஸ்டாலியன்."

அலினா சப்பாத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் மேர்னு சொல்லவே இல்ல."

நான் டப்பாவை மூடினேன்.

"நீயும் சேர்ந்துட்டியா? மார்னிங் பேட்ச்? ஒரு வார்த்த சொல்லல பார். சாலாக் லட்கி, சரியான கள்ளி."

"நான் சேரல. வேற எங்கயோ பார்த்தேன்."

"எங்கயும் பாக்க முடியாது. தேஜஸ்வினி மேடம் புக்லேர்ந்து எடுக்கறது இல்ல. தினம் அஞ்சு, அவங்களே எழுதுவாங்க. காலைல ஒன்பது மணிக்கு போர்டுல போடுவாங்க, சாயங்காலம் எங்களுக்கு அதே அஞ்சு. கடைசி எப்பவும் உல்டா."

நோட்டைக் கேட்டேன். தந்தாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தந்தாள். தேதி போட்டு எழுதியிருந்தாள். என் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லா நாளும் பொருந்தின. பால்கி நாளில் அவள் நோட்டிலும் ஒன்றுமில்லை. வகுப்பு விடுமுறை என்று எழுதியிருந்தது.

"அந்த மேடம் எப்படி இருப்பாங்க?"

அலினா ஃபோனில் வகுப்பின் விளம்பரத்தைக் காட்டினாள். முப்பது வயது இருக்கும். காதருகே ஒற்றைச் சுருள் முடி. சிரிப்பு.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"கேள்விய விட்டுட்டு கல்யாணத்த கேக்கற? எனக்கு எப்படி தெரியும்?"

அன்றிலிருந்து காலை ஒன்பது பத்து எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெண் ஒன்பது மணிக்குக் கரும்பலகையில் எழுதுகிறாள். பத்து நிமிடத்தில் அது சிரிலிடம் போகிறது. சிரில் அதை எனக்கு அனுப்புகிறார். அவளுக்கும் இவருக்கும் தினமும் பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சிலிருந்து கிள்ளி எடுத்த துண்டுதான் எனக்கு வருகிறது. அப்படித்தான் நினைத்தேன். அவள் பெயரை சிரிலின் ஃபேஸ்புக்கில் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காததையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் என்று ஃபாதர் வாசித்தபோது சிரில் ஆண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் நின்றார். பின்கழுத்து மட்டும் தெரிந்தது. புதிதாக முடி வெட்டியிருந்தார். என் வாயில் தேஜஸ்வினி என்ற பெயர் இருந்தது. விழுங்கிவிட்டேன். என்னவென்று சொல்வது? அஞ்சு கேள்வி என்றா?

பூசை முடிந்து வெளியே வந்ததும் கேட்டேன். "தினமும் எப்ப எழுதறீங்க அந்தக் கேள்வியெல்லாம்?"

"கம்பெனி பஸ்ல. டிராஃபிக்ல சும்மாதானே உக்காந்திருக்கேன்."

அவர் கண்ணைப் பார்த்தேன். சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை. இடையில் ஆறு நாள். புதன்கிழமை அம்மாவிடம் அப்யாசிகாவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு லோக்கல் ரயிலில் சிவாஜிநகர் போனேன். அங்கிருந்து நடந்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. சதாசிவ் பேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அந்த வகுப்பு. படிக்கட்டு முழுக்கச் செருப்புகள். ஈரச் செருப்பு, அறுந்த செருப்பு. மேலே போகப் போக மராத்தியில் ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

கதவில் சின்னக் கண்ணாடி. எட்டிப் பார்த்தேன். தேஜஸ்வினி மேடம் விளம்பரப் படத்தைவிடப் பத்து வயது கூடுதலாக இருந்தார். இருமிக்கொண்டே எழுதினார். ஐந்தாவதை எழுதிவிட்டுத் திரும்பி, "யார் விழப்போறீங்க இன்னிக்கு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது வரிசை ஓரத்தில் சிரில் உட்கார்ந்திருந்தார்.

சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, ஆபீஸ் போகிற மாதிரியே. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஃபோனை லேசாகத் தூக்கிக் கரும்பலகையைப் படம் எடுத்தார். பிறகு மடியில் வைத்துக் குனிந்து தட்டிக்கொண்டே இருந்தார்.

என் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஐந்து கேள்விகள். கீழே, குட் மார்னிங் ரெனி, பஸ்ல இருக்கேன்.

கீழே இறங்கி எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு டீ வாங்கினேன். ஆறிப்போனது. இன்னொன்று வாங்கினேன். உட்கார்ந்திருக்க ஒரு காரணம் வேண்டுமே.

பதினொன்றரைக்கு வகுப்பு விட்டது. கூட்டத்தோடு சிரில் வந்தார். பின்னாலேயே மேடம் குடையை விரித்தபடி வந்து ஹிந்தியில் அவரிடம், "சிரில், ஐந்தாவது இன்றும் தப்பு. மூன்று மாதமாகச் சொல்கிறேன், அவசரப்படாதே என்று" என்றார். சிரில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். மேடம் போய்விட்டார். வேறொன்றும் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி நான் ஒரு வாரமாகக் கட்டியது எல்லாம் அந்த ஒரு கண்டிப்போடு முடிந்தது.

எனக்கு நிம்மதி வரவில்லை. மூன்று மாதம் என்ற சொல் மட்டும் நின்றது.

என்னைப் பார்த்ததும் சிரில் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எப்ப வந்த?"

"ஒன்பது மணிக்கு."

"மேல வந்தியா?"

"ம்."

டீக்கடைக்காரர் கேட்காமலே இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். தினமும் வருகிற ஆளுக்கு வைப்பது மாதிரி.

"வேலை போயிடுச்சு ரெனி," என்றார் சிரில். "டீம்ல பதினாறு பேர். ஒரே நாள்ல மெயில். லேப்டாப்பைக் கொடுத்துட்டு போங்கன்னுட்டாங்க."

"எப்ப?"

"இப்பதான். ஜூன்ல."

அவர் கழுத்தில் வகுப்பின் அடையாள அட்டை தொங்கியது. கம்பெனி அட்டை தொங்கிய இடம். கழற்ற மறந்திருந்தார். அதில் படம், பெயர், எண். எண்ணுக்குக் கீழே சேர்ந்த நாள், ஏப்ரல் ஏழு.

நான் அந்த அட்டையையே பார்த்தேன். அவரும் குனிந்து பார்த்தார். பிறகு கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"நிச்சயம் மே மாசம்," என்றேன்.

"தெரியும்."

"எங்க அப்பா உங்ககிட்ட வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டாரு. நான் பக்கத்துல இருந்தேன். நல்லாப் போகுது மாமான்னு சொன்னீங்க."

"வேற என்ன சொல்றது? முப்பது பேர் உக்காந்திருக்காங்க, தட்டு மாத்தற நேரம். அப்ப சொல்ல முடியுமா?"

"அதுக்கு முந்தின நாள்?"

அவர் டீயைத் தள்ளி வைத்தார். மழை தகரத்தில் விழுந்தது.

"எனக்கு எதுக்குக் கேள்வி அனுப்பினீங்க?"

"நீ பாஸ் ஆகணும்னுதான். அந்த இடத்துல நீ வீக்குன்னு சொன்ன. நான் தினம் இங்க உக்காந்திருக்கேன். நீ காசு கட்டாம உனக்கும் கிடைக்கட்டுமேன்னு."

"நீங்களும் அதே பரீட்சைதானே எழுதறீங்க?"

"ஆமா."

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கிடைக்கட்டும்னு."

"அப்படி நெனச்சா தப்பா?"

"தப்பில்ல. அந்த ஒருத்தர் நான்னு முடிவு பண்ணிட்டீங்களான்னு கேக்கறேன்."

அவர் முகம் சிவந்தது. "நீ என்ன, நான் உன்னை சம்பாதிக்க வைக்கறதுக்குக் கட்டிக்கறேன்னு சொல்றியா?"

"எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கேக்கறேன்."

வாழ்க்கையில் யாரிடமும் நான் இவ்வளவு கேள்விகள் அடுத்தடுத்துக் கேட்டதில்லை. கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

சிரில் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் சும்மா இரு. மூணாவது ஓலையும் வாசிச்சிடட்டும். அப்புறம் நானே மாமாகிட்ட வந்து பேசறேன். ப்ராமிஸ்."

அதுவரை அவர்மேல் எனக்கு இருந்த இரக்கம் அந்த வாக்கியத்தில் நின்றுபோனது. சொல்லப் பயந்தவர் என்று நினைத்திருந்தேன். எப்போது சொன்னால் என்னால் திரும்ப முடியாது என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ரயிலுக்கு நேரமாச்சு," என்று எழுந்தேன்.

அப்பா ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்தார். முகம் கழுவி உட்கார்ந்ததும் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். வேலை இல்லை. ஏப்ரலிலிருந்தே இல்லை. நிச்சயத்தன்று பொய் சொன்னார்.

அப்பா பெயர் லூர்துசாமி. வடக்கன்குளத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. பேச்சு இன்னும் அங்கேயே இருக்கிறது.

"யாருட்டி சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. போய்ப் பார்த்தேன்."

"தனியாவா போன? சந்தேகப்பட்டா போன?"

"ஆமாப்பா."

"எத்தன நாளா?"

"மூணு வாரமா."

அப்பா என்னைப் புதிதாகப் பார்த்தார். சிரில் மறைத்ததைவிட நான் மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தது அவரைத் தைத்திருக்க வேண்டும்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "வேல போறது ஒரு குத்தமா? ஊர்ல எத்தன பேருக்குப் போச்சு. கார்டு கொடுத்தாச்சு, மண்டபம் சொல்லியாச்சு. மூணாவது ஓலையும் முடியட்டும். அப்புறமா உக்காந்து பேசுவோம்."

சிரில் சொன்னதேதான். அம்மா வாயில் வேறு அர்த்தத்தில் வந்தது. ஆனாலும் அதேதான்.

"என்ன பேசுத நீ?" என்று அப்பா அம்மாவிடம் திரும்பினார். "ஓல எதுக்கு வாசிக்காவ? தெரிஞ்சவன் சொல்லத்தான். தெரிஞ்சு வச்சிக்கிட்டு பெஞ்சுல கைகட்டி உக்காரச் சொல்லுதியா? நான் இப்பவே போயி இந்தக் கல்யாணமே வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன்."

செருப்பைத் தேடினார்.

"அப்பா, நீங்க போக வேண்டாம். நான் போறேன்."

"நீயா?" அம்மாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆட்டோக்காரன்ட்ட நிறுத்துன்னு சொல்லத் தெரியாம ரெண்டு தெரு தாண்டி எறங்கி நடந்து வாரவ நீ. நீ போயி சாமியார்ட்ட என்னத்தச் சொல்லப் போற?"

"தெரியலம்மா. போய்ப் பார்க்கறேன்."

அப்பா செருப்பைக் கீழே போட்டார். "வேண்டாங்கியா, பொறுங்கியா? அதச் சொல்லு."

"பொறுங்கன்னுதான் சொல்லப் போறேன்."

"பொறுத்து?"

"எனக்கு அவர்மேல நம்பிக்கை வருதான்னு பார்க்கணும். வராட்டி நானே வேண்டாம்னு சொல்லிடறேன்."

அப்பா செருப்பை ஓரமாகத் தள்ளினார். "குடைய எடுத்துட்டுப் போ" என்றார்.

பங்கு அலுவலகம் ஐந்தரைக்குத் திறக்கும். ஐந்தரைக்கு ஃபாதரைப் பார்க்கப் போகிறேன் என்று ரயிலிலிருந்தே சிரிலுக்கு அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. போனபோது அவர் அலுவலக முகப்பில் நின்றிருந்தார். முழுக்க நனைந்திருந்தார்.

தடுக்க வந்திருக்கிறாரா, கூட வர வந்திருக்கிறாரா தெரியவில்லை. கேட்டேன்.

"நீ என்ன சொல்லப் போறியோ அதையே நானும் சொல்றேன்," என்றார்.

"வேண்டாம். நீங்க உங்களோடதைச் சொல்லுங்க. முதல்ல நீங்க."

உள்ளே ஃபாதர் கணினி முன் உட்கார்ந்து ஞாயிறு அறிவிப்புத் தாளை அடித்துக்கொண்டிருந்தார். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் சிரித்தார். "என்ன, மாப்பிள்ளையும் பொண்ணும்? மண்டபத்துல நேரம் மாத்திட்டாங்களா?"

சிரில் நின்றபடியே பேசினார். சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"ஃபாதர், எனக்கு மார்ச் பதினெட்டாம் தேதி வேலை போயிடுச்சு. நிச்சயத்துக்கு முன்னாடியே. ரெனிகிட்ட சொல்லல. அவங்க அப்பா கேட்டப்ப பொய் சொன்னேன். இன்னிக்குக் காலைல இவ கேட்டப்பவும் ஜூன்னு பொய் சொன்னேன். எங்க வீட்டுக்கும் இன்னும் தெரியாது. அம்மாவுக்கு மாசாமாசம் சேமிப்புலேர்ந்து எடுத்து அனுப்பிட்டிருக்கேன்."

மார்ச் பதினெட்டு. அட்டையில் இருந்த ஏப்ரல் ஏழோடு பொருத்திப் பார்த்தேன். பொருந்தியது. அவர் வீட்டுக்கும் தெரியாது என்பது எனக்குப் புதிது. உண்மையா என்று உடனே மனம் கேட்டது. அப்படிக் கேட்பதை நிறுத்த முடியவில்லை.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். "வேலை இல்லாதது தடை இல்லம்மா," என்றார் என்னிடம். "திருச்சபைச் சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல."

"தெரியும் ஃபாதர்."

"அப்ப என்ன செய்யணும்?"

"மூணாவது ஓலையை இந்த ஞாயிறு வாசிக்க வேண்டாம்."

"அடுத்த ஞாயிறா?"

"இல்ல. நான் வந்து சொல்றேன்."

"யாரு? அப்பா வந்து சொல்வாரா?"

"நான்."

அவர் சிரிலைப் பார்த்தார். சிரில் தலையசைத்தார். ஃபாதர் கணினிப் பக்கம் திரும்பி எங்கள் பெயர் இருந்த நான்கு வரிகளை நீக்கினார். கீழே இருந்த மறைக்கல்வி வகுப்பு அறிவிப்பு மேலே ஏறி வந்தது. அவ்வளவுதான். நான் நினைத்ததைவிடச் சிறிய காரியம்.

வெளியே மழை குறைந்திருந்தது.

"இப்ப நம்பறியா?" என்றார் சிரில்.

"இன்னும் இல்ல."

"சரி." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அதுவும் நனைந்துதான் இருந்தது. "அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் இப்பவே போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க."

அவர் நடந்தார். வளாக வாசலில் இடப்பக்கம் திரும்பினால் வாகட் பஸ் நிற்கும் இடம். வலப்பக்கம் திரும்பினால் அவர் வீடு. நான் குடையை விரிக்காமல் நின்று பார்த்தேன். வலப்பக்கம் திரும்பினார். எனக்கு அது போதவில்லை. கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே போனேன். அவர் வீட்டு வாசலில் நின்று, தலைமுடியைக் கையால் உதறி, மணியை அடித்தார். அவர் அம்மா கதவைத் திறந்து, புதன்கிழமை வந்து நிற்கிறானே என்று திகைத்து, உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது. அது மறுபடி திறக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.